தினமும் கட்ட ஜனதாவா, சீக்கோ 5-ஆ?

பழைய கைக்கடிகாரத்தை வாங்கிப் பீரோவில் பூட்டி வைக்காமல் நாள்தோறும் கட்ட விரும்புகிறவர், கைக்கடங்கிய விலையில் தேடினால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றிடம் வந்து நிற்பார்: சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா, அல்லது கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் சீக்கோ 5. சுவிஸ் நிறுவனமான ஃபேவர் லூபாவின் சீ கிங்கும் அழகானதுதான். அதற்கு உதிரிபாகம் தேடி அலையும் பொறுமை எனக்கில்லை.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பின் வழிவந்தது ஜனதா. அதில் உள்சக்கரங்களின் தேய்மானத்தைக் குறைக்கும் 17 கற்கள்; ஊசல் சக்கரத்துக்கு மணிக்கு 18,000 துடிப்பு; தேதி கிடையாது. சீக்கோ 5 வரிசை 1963-இல் பிறந்தது. பழைய சந்தையில் அதிகம் கிடைக்கும் அதன் 7009 எந்திரம் மணிக்கு 21,600 முறை துடித்து, கிழமையையும் தேதியையும் சேர்த்தே காட்டுகிறது.

ஆட்டோமேட்டிக்தான் வசதி என்று முதலில் தோன்றும். ஒரே கடிகாரம் வைத்திருப்பவருக்கு அது உண்மை. ஆனால் நான்கைந்தை மாற்றி மாற்றிக் கட்டுபவர் சீக்கோவை இரண்டு நாள் கழற்றி வைத்தால் அது நின்றுவிடும். மறுபடி எடுக்கும்போது மணியோடு கிழமையையும் தேதியையும் திருத்த வேண்டும். 7009-க்குச் சாவி கொடுக்கவும் வழியில்லை என்பதால் கையில் வைத்து ஆட்டித்தான் உயிரூட்ட வேண்டும். ஜனதாவுக்கோ மணியை மட்டும் திருத்தி, விரல்களுக்கிடையே சாவியை மெல்லத் திருகினால் போதும். கிரிக் கிரிக் என்ற ஓசை வரவர இறுகி, இனி வேண்டாம் என்று விரலுக்கே தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

வியர்வையில் நிலைமை தலைகீழ். பல ஜனதாக்களின் உடல் குரோமிய முலாம் பூசியது; சித்திரை வெயிலில் தொடர்ந்து கட்டினால் லக் (பட்டை மாட்டும் கொம்பு) ஓரங்களில் முலாம் பொரிந்து பித்தளை எட்டிப் பார்க்கும். சீக்கோவின் எஃகு உடலுக்கு அந்தக் கவலையில்லை. ஆயினும் தண்ணீர் புகாமல் தடுக்கும் நாற்பது வயது ரப்பர் வளையத்தை நம்பி எதையும் மழையில் நனைக்கக் கூடாது. கண்ணாடியில் ஜனதா மறுபடி முந்துகிறது: அதன் அக்ரிலிக்கில் விழும் கீறலைப் பற்பசை வைத்துத் தேய்த்தே போக்கலாம், சீக்கோவின் கனிமக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும்போது பெரிய ஆபத்து, அசல்போல் காட்டப் புதிதாக அச்சடித்த டயல். சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் நான் வாங்கிய நீல நிற சீக்கோவில் எழுத்துகள் லென்ஸுக்கடியில் மை ஊறியதுபோல் தடித்திருந்தன. டயலின் அடி விளிம்பில் உள்ள பொடி எண்ணும் பின்மூடியின் மாடல் எண்ணும் ஒரே எந்திரத்தைச் சொல்ல வேண்டும் என்பதை அதற்குப் பிறகே கற்றேன். பின்மூடித் தொடரெண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 8N என்றால் எட்டில் முடியும் ஓர் ஆண்டின் நவம்பர். ஜனதாவில் நான் எழுத்தின் விளிம்பைப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகும், பழைய ரிப்பேர் கடைகளின் டப்பாக்களில் ஜனதாவின் பாகங்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. எனவே அலுவலக நாள்களில் என் கையில் இருப்பது ஜனதா. வெயிலில் அலையும் நாள்களிலும் வெளியூர்ப் பயணத்திலும் சீக்கோ.