‘செய்கூலியில் 50% தள்ளுபடி’யா, ஊர்க் கடையா: ஒரு பவுன் சங்கிலியின் கணக்கு

தர்மபுரியில் ஒரு பவுன் சங்கிலி வாங்கக் கிளம்பினால் இரண்டு விலை முன்னால் நிற்கும். செல்போனில் ‘செய்கூலியில் 50% தள்ளுபடி’. கடைத்தெருவில் ‘சேதாரம் 8%’, தள்ளுபடி எதுவும் இல்லை. கணக்குக்கு எளிதாக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஆன்லைனில் 8 கிராமுக்குத் தங்கம் 80,000. செய்கூலி 25% என்று போட்டு 20,000 ஆக்கி, அதில் பாதியைக் கழிக்கிறார்கள். மீதி 10,000. 3% ஜிஎஸ்டியோடு 92,700. கடையில் தங்கம் அதே 80,000, சேதாரம் 6,400, வரியோடு 88,992. தள்ளுபடி தராத கடையில்தான் 3,708 ரூபாய் குறைவு. தங்கத்தின் விலை அன்றாடம் மாறுவது, அதற்கு எம்.ஆர்.பி. ஏது? அடித்துக் காட்டும் பழைய விலை பெரும்பாலும் ஏற்றி வைத்த செய்கூலிதான்.

அதே நகையை அதே கிராம் விலைக்கு விற்றாலும் செய்கூலியும் வரியும் திரும்பாது. கைக்கு அதிகபட்சம் 80,000. இழப்பு ஆன்லைனில் 12,700, கடையில் 8,992.

விலை அநியாயத்துக்குக் குறைவாகத் தெரிந்தால் காரட்டைப் பாருங்கள். 18 காரட்டில் தங்கம் 75%தான். 22 காரட் 10,000 என்றால் இது சுமார் 8,190. கல் வைத்த நகையில் மொத்த எடை வேறு, நிகர எடை வேறு. 0.8 கிராம் கல்லுக்கும் தங்க விலை போட்டால் 8,000 ரூபாய் வீண். எனவே பணம் கட்டும் கடைசிப் பக்கத்துத் தொகையை நிகர எடையால் வகுத்து, ஒரே காரட்டில் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன சங்கிலியில் அது ஆன்லைனில் கிராமுக்கு 11,588, கடையில் 11,124.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. சேதாரம் 8% என்று சொல்லிவிட்டு பில்லில் செய்கூலியைத் தனியாக ஏற்றுவதுண்டு. ‘ரெண்டும் சேர்த்து எவ்வளவு?’ என்று முதலிலேயே கேளுங்கள். பேரம் பேசினால் சேதாரம் இறங்கும், ஆன்லைனில் அதற்கு வழியில்லை. ‘பில் வேண்டாம்னா வரி இல்லை’ என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். பில் இல்லாமல் புகார் நிற்காது.

சாதாரண 22 காரட் நகைக்கு ஊர்க் கடைதான் என் கட்சி. வைரம் பதித்த 18 காரட் சின்ன நகைக்கு ஆன்லைனைக் குறை சொல்ல மாட்டேன். கல் எடை, கல் விலை, தங்க எடை என்று பிரித்துக் காட்டும் தளங்கள் உண்டு. ஆனால் மாற்றித்தர ஷோரூம் சேலத்திலா பெங்களூரிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்கினாலும் நகையில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மைக் குறி (22 காரட்டுக்கு 22கே916), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி என்ற தனி அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இதுதான் முறை. 2 கிராமுக்குக் கீழே கட்டாயமில்லை. பிஐஎஸ் கேர் செயலியில் ஹெச்யூஐடி எண்ணை அடித்தால் நகையின் வகையும் தூய்மையும் வரும். ‘மோதிரம்’ என்று வந்து கையில் சங்கிலி இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பார்சலை வீடியோ எடுத்தபடியே பிரித்து, அன்றே எடை போடுங்கள். விலைப் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை.