‘அவர் தங்கமான மனுஷன்’ என்று இனி சட்டென்று சொல்ல வராது: ஜான் டோரிஸின் ‘லாக் ஆஃப் கேரக்டர்’

2002-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட புத்தகம். நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் குணத்தைவிடச் சூழலுக்கே பங்கு அதிகம் என்பது இதன் வாதம். நான் படிக்கத் தாமதமாகிவிட்டது, அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அறவியல் பாடமாகப் படித்தவர்களுக்கு மட்டுமல்ல, மனிதர்களை எடைபோட வேண்டியிருக்கிற எல்லோருக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

டோரிஸ் தத்துவக்காரர், இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்கிறவர் உளவியல் சோதனைகளையும் படித்தாக வேண்டும் என்பதுதான் அவருடைய பிடிவாதம். இந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கியது டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட சோதனை. பாதிரியார் பயிற்சியில் இருந்த 40 மாணவர்கள், பேச்சு கொடுக்கப் போகிறார்கள், வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுகிறார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று அனுப்பப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். அதிலும் சிலர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நான் அவசரத்தில் கடந்துபோன முகங்களை வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குணம் என்று ஒன்றே இல்லை என்று டோரிஸ் சொல்லவில்லை. கணக்கு வழக்கில் நேர்மையாக இருப்பவர் வீட்டில் பொய் சொல்லலாம், அதாவது குணங்கள் சின்னச் சின்னச் சூழல்களோடு ஒட்டியவை என்கிறார். அதனால் ‘நான் உறுதியானவன்’ என்று நம்பிச் சபலத்துக்கு அருகே போகாதே, போகாமலிருக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள் என்கிறார். இது எனக்கு மிகப் பயன்பட்டது.

குறை என்றால், நற்குணமே அறத்தின் அடிப்படை என்று அரிஸ்டாட்டில் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு அவர் தரும் பதில் எனக்குப் போதவில்லை. நற்குணம் என்பது வெறும் நடத்தைப் பழக்கம் இல்லை, எதை எப்போது செய்வது என்ற விவேகமும் சேர்ந்தது, அது அபூர்வமாகத்தான் அமையும் என்பது அவர்கள் வாதம். அப்படியென்றால் சாதாரண ஆளுக்கு அந்த லட்சியத்தால் என்ன பயன் என்று டோரிஸ் திருப்பிக் கேட்கிறார். கேள்வி நல்லதுதான், ஆனால் எட்ட முடியாத லட்சியமும் ஒருவரை ஓரடி நகர்த்தும் இல்லையா?

அப்புறம், பொதுத் தொலைபேசிக் கூண்டில் எதிர்பாராமல் காசு கிடைத்தவர்கள், வெளியே தாள்களைத் தவறவிட்டவருக்கு அதிகம் உதவினார்கள் என்று புத்தகத்தில் வரும் 1972 சோதனையை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதை மறுபடி செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை.

நடை தெளிவு, ஆனால் வாக்கியங்கள் அடர்த்தி. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும்.