மோட்டார் அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் 0.00 என்றால் பில்லைப் பாஸ் செய்யாதீர்கள்

லேசர் அலைன்மென்ட் (மோட்டார் ஷாஃப்டையும் அது ஓட்டும் மெஷினின் ஷாஃப்டையும் லேசர் வைத்து ஒரே நேர்கோட்டில் நிறுத்துவது) என்று வந்து, கலர் பிரிண்ட் ஒன்றை நீட்டிவிட்டுப் போகும் சர்வீஸ்காரர்களிடம் உஷாராக இருங்கள். பெயர் வேண்டாம், செய்த வேலையைப் பாருங்கள்.

பேக்கிங் லைனில் இரண்டு கன்வேயர் டிரைவ். ஒன்று 15 கிலோவாட், 160எல் ஃபிரேம் (மோட்டார் உடலின் அளவுக் குறியீடு). மற்றது 7.5 கிலோவாட், 132எம். இரண்டும் 4 போல் மோட்டார், ஸ்பைடர் கப்ளிங் (நடுவில் நட்சத்திர வடிவ ரப்பர் வைத்த இணைப்பு) வழியாக கியர்பாக்ஸோடு சேர்வது. ரிப்போர்ட்டில் வேலைக்கு முந்தைய எண்கள் பயமுறுத்தின, பிந்தையவை அத்தனையும் 0.00. மாதம் முடிவதற்குள் சின்ன டிரைவில் ஸ்பைடர் ரப்பர் தூளாகிக் கொட்டியது. கேட்டதற்கு, "ரப்பர் மட்டமான சரக்கு சார்" என்று பதில்.

குட்டு ரிப்போர்ட்டிலேயே இருந்தது. மோட்டாரின் முன்கால் போல்ட்டுக்கும் பின்கால் போல்ட்டுக்கும் உள்ள தூரம் இரண்டுக்குமே 254 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். 160எல்லுக்கு அது சரி. 132எம்முக்கு 178 தான். எந்தக் காலுக்கு எவ்வளவு ஷிம் (உயரம் சரிசெய்யக் காலடியில் வைக்கும் மெல்லிய தகடு) என்பதை லேசர் மீட்டர் இந்தத் தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 100 மி.மீ.க்கு 0.10 மி.மீ. சாய்வு இருந்தால், 178க்குப் பின்கால் முன்காலைவிட 0.18 கூடுதலாக ஏற வேண்டும். 254 என்று கொடுத்தால் 0.25 காட்டும். இதைவிடக் கூத்து பெரிய மோட்டாரில்: பின்காலில் 0.60 ஷிம் சேர்த்ததாக எழுதியிருந்தது. போல்ட் தலையில் பழைய பெயின்ட் விரிசல்கூட விடவில்லை, அதாவது போல்ட்டைத் தளர்த்தவே இல்லை.

நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் ஆஃப்செட் (இரண்டு ஷாஃப்டுகளின் மையக் கோடுகள் விலகியிருக்கும் அளவு) 0.06 மி.மீ.க்குள், கோணம் 100 மி.மீ.க்கு 0.05க்குள் வந்தாலே நல்ல வேலை. நிஜ அளவீட்டில் இரண்டாவது தசமத்தில் ஏதாவது எண் நிற்கும். எல்லா இடத்திலும் சுத்தமான பூஜ்யம் என்றால் சந்தேகப்படுங்கள். கடைசி ரீடிங்கை உங்கள் கண் முன்னால் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். ஷாஃப்டை ஒரே திசையில் சுற்ற வேண்டும், திருப்பிச் சுற்றினால் கப்ளிங் பிளே ரீடிங்கில் கலந்துவிடும். டயல் கேஜ் வைத்து நீங்களே சோதிக்கலாம். ஷாஃப்டைச் சுற்றி, கடிகார முகத்தில்போல, 12 மணி, 6 மணி இடங்களில் எடுத்த ரீடிங்குகளின் கூட்டல் 3 மணி, 9 மணிக் கூட்டலுக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் கேஜைப் பிடித்திருக்கும் பிராக்கெட் ஆடுகிறது. மேலுக்கும் கீழுக்கும் வரும் வித்தியாசத்தில் பாதிதான் ஆஃப்செட், முழுசையும் எடுத்துக்கொண்டு பதற வேண்டாம்.

சாஃப்ட் ஃபுட் (மோட்டாரின் ஒரு கால் தளத்தில் சரியாகப் படியாமல் இருப்பது) பார்க்காமல் லேசரைக் கட்டுபவரை அங்கேயே நிறுத்துங்கள். மற்ற மூன்று போல்ட்டும் இறுகியிருக்க ஒன்றைத் தளர்த்தினால் அந்தக் கால் 0.05க்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பினால், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மோட்டார் பாடி முறுக்கி அலைன்மென்ட் ஓடிவிடும். ஒரு காலுக்கு மூன்று நான்கு ஷிம்முக்கு மேல் அடுக்கினாலும் ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். டின் தகடு வெட்டிச் செருகுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

சூட்டையும் கேளுங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். 160 மி.மீ. சென்டர் உயர (காலடியிலிருந்து ஷாஃப்டின் நடு வரை) மோட்டார் 40 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மேலே போகும். கியர்பாக்ஸும் ஏறும் என்பதால் இரண்டின் வித்தியாசம்தான் கணக்கு. இதைக் கேட்டு முழிப்பவர் கையில் எந்த மீட்டர் இருந்தும் பயனில்லை.

ஒர்க் ஆர்டரிலேயே நான்கு விஷயம் எழுதிவிடுங்கள்: டேப் வைத்து அளந்த தூரங்கள், நான்கு காலின் சாஃப்ட் ஃபுட் ரீடிங், எடுத்த ஷிம்மும் போட்ட ஷிம்மும், மீட்டரின் செல்லுபடியாகும் காலிபரேஷன் சான்றிதழ். சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரைக் கையில் இருக்கும் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு கேட் பாஸ் கொடுங்கள்.