ஆறு வருஷமா ஒரே கலர் டப்பா: பினாங்கு வேர்வையிலயும் ஒட்டாரு பனியிலயும்

இந்த வாட்டர்கலர் செட்ட வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. 12 ஹாஃப் பேன் (கலர் வைக்கிற குட்டிக் கிண்ணம்) போடுற சின்ன தகர டப்பா, மூடியே கலர் கலக்குற பேலட், கூட பிடிக்குள்ளயே தண்ணி ஊத்தி வச்சுக்குற ஒரு வாட்டர் பிரஷ், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள காட்டன் பேப்பர் பிளாக். தண்ணிமலை அடிவாரம், ச்சூ ஜெட்டி, மழை இல்லன்னா கொடிமலை மேலன்னு ஞாயித்துக்கிழமை எங்கயாச்சும் போய் உக்காந்துருவேன்.

டப்பாவுக்கு பத்துக்கு ஒம்போது குடுக்கலாம் லா. கலருக்கு அப்படி சொல்ல முடியாது. தேன் கலந்த கலர் ரெண்டு ட்யூப் வாங்கி பேன்ல பிதுக்கி வச்சேன், நம்ம ஊரு ஈரத்துல அது காயவே காயாது, பேக்ல சாய்ஞ்சா பக்கத்து மஞ்சள்ல போய் ஒழுகி நிக்கும். ஈரத்தோட மூடிட்டா பூஞ்சை வேற. பேப்பர் கத இன்னும் மோசம், தண்ணிய உடனே உறிஞ்சாம இருக்க ஜெலட்டின் பூச்சு (சைசிங்) போட்டது, ஒரு மழைக்காலம் பூரா அலமாரியில கெடந்துச்சு, அப்புறம் பிரஷ் வச்சா மை ஒத்துற தாள் மாதிரி குடிக்குது, வானம் முழுக்க திட்டு திட்டா புள்ளி. கடைசியில கேமராக்காரங்க வச்சிருக்கிற, ஈரம் ஏறாத ட்ரை பாக்ஸ் ஒண்ணு வாங்கினேன். "இதுல பருப்பு வச்சா வண்டு வராதுல்ல?"ன்னு அம்மா கேட்டாங்க, இப்ப அதுல பாதி இடம் அவங்களுது.

ரெண்டு வருஷம் முன்ன டிசம்பர்ல கூட்டாளியோட ஜப்பான்ல ஹொக்கைடோ போனேன், டப்பாவும் வந்துச்சு. அங்க ஒட்டாரு ஊருல கால்வாய் ஓரம், பழைய கிடங்குங்க, கூரை மேல முழம் ஒசரத்துக்கு பனி, மைனஸ் 4. (அந்தக் கால்வாய் வெட்டி முடிச்சதும் நம்ம கொடிமலை ரயில் ஓட ஆரம்பிச்சதும் ஒரே வருஷம், 1923.) வெள்ளை கலர் எடுத்துட்டுப் போனது வேஸ்ட், பனிக்கு பேப்பர சும்மா விட்டாலே போதும், நிழலுக்கு மட்டும் கோபால்ட் புளூ. வானத்துக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்து ஒரு வாஷ் (தண்ணியா ஒரு பூச்சு) போட்டுட்டு கைய தேய்ச்சுட்டு திரும்பிப் பாக்குறேன், வாஷ் காயல, உறைஞ்சு போச்சு, முருங்கை இலைய கொத்தா ஒட்டி வச்ச மாதிரி பேப்பர் முழுக்க கோலம்! அவ்வளவு அழகு. ரூமுக்கு கொண்டு போனதும் ஹீட்டர் சூட்டுல எல்லாம் உருகி கீழ ஓடிருச்சு.

வாட்டர் பிரஷ் அங்க சுத்தமா ஃபெயில். நைலான் நுனி மொதல்ல உறையுது, அமுக்குனா ஒண்ணும் வராது, இன்னும் அமுக்குனா குபுக்னு ஒரு சொட்டு. மறுநாள் சாதா ரவுண்ட் பிரஷ், தண்ணி பாட்டில் ஜாக்கெட்டுக்குள்ள, தண்ணியில கொஞ்சம் வோட்கா. "பிரஷுக்கு தண்ணி வாங்கிக் குடுக்குற மொத ஆளு நீதான்டா"ன்னு கூட்டாளி சிரிச்சான், ஆனா உறையல. நெறைய ஊத்தாதீங்க, கலர் விலகி விலகிப் போகுது. காயுறதுக்கு என்னமோ இங்க மாதிரியே காத்துக்கெடக்கணும், நாலு மணிக்கெல்லாம் அங்க இருட்டிரும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு வாஷ்தான்.

வாட்டர் பிரஷ அக்கா மகளுக்கு குடுத்துட்டேன். டப்பா இன்னும் பேக்லயே இருக்கு. அந்த ட்ரிப்ல பாதி கரைஞ்ச கோபால்ட் புளூ பேன் மட்டும் அப்படியே கெடக்கு, பினாங்கு நிழலுக்கு அவ்வளவு நீலம் தேவைப்படல.