கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு: ஸ்டார் ஓட்டலா, வீட்டு மொட்டை மாடியா?

ராயபுரத்தில் டிசம்பர் 24 ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. நடுராத்திரிப் பூசை முடிந்து, கோயில் வாசலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்து வீடு திரும்பும்போது மணி 2 ஆகிவிடும். பிள்ளைகள் புதுத்துணியைக் கழற்றாமலே படுத்துவிடுவார்கள். என் மாமியார் மட்டும் படுக்க மாட்டார். இஞ்சி, பூண்டு உரித்து வைத்துவிட்டு, கறிக்கடை திறக்கும்போது முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும் என்பார். 30 வருஷத்துப் பழக்கம். மதியம் 3 மணிக்கு, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவின் அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்று நாங்கள் உட்கார்ந்து பேசினோம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வழியாகப் பார்த்துவிட்டோம். ஸ்டார் ஓட்டலில் மதிய பஃபே, சொல்லி வைத்து வாங்கிய பக்கெட் பிரியாணி, ஓட்டலில் ஒரு ராத்திரி தங்கல், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் ஏசி ஹால், எல்லாவற்றையும். ருசி, விலை இரண்டையும் சொல்கிறேன். ஆனால் நான் இவற்றை எடை போடுவது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: வீட்டில் சமைக்கிறவர் அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாரா?

ஸ்டார் ஓட்டல் மதிய பஃபே

எங்கள் பக்கத்திலிருந்து பெரிய ஸ்டார் ஓட்டல் என்றால் எழும்பூர், அண்ணா சாலை, கிண்டி என்று ஊருக்குள் போக வேண்டும். முன்னெல்லாம் அந்தப் பயணத்துக்கே பாதி ஆசை போய்விடும். 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது, 2021-இல் அது விம்கோ நகர் வரை நீண்டது. வடசென்னைக் குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம். ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன், அங்கே லிஃப்டில் இறங்கினால் மாறாமல் எல்ஐசி, தேனாம்பேட்டை, கிண்டி வரை போய்விடலாம். எழும்பூருக்கு மட்டும் சென்ட்ரலில் வண்டி மாற வேண்டும். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அண்ணா சாலை ஓட்டல்கள்தான் வசதி.

என் மாமனாருக்கு எல்ஐசி ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கன்னிமரா ஓட்டல் மேல் ஒரு தனிப் பிரியம். சென்னையின் மிகப் பழைய ஓட்டல் என்று பெயர் பெற்றது அது. 1854-இல் இம்பீரியல் என்று தொடங்கி, 1890-இல் கன்னிமரா என்ற பெயருக்கு வந்தது. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆளுநர்தான் இதற்கும். சின்ன வயதில் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெளியிலிருந்தே பார்த்திருக்கிறாராம். இப்படி ஒரு ஆசையோடு போகிறவருக்கு அன்றைய சாப்பாடு எவ்வளவு சுமாராக இருந்தாலும் நிறைந்துவிடும். அது ஒரு கணக்கு.

இன்னொரு கணக்கு பில். நாங்கள் டிசம்பர் 25-க்குப் போன ஓட்டலில் (இது வேறு) ஒரு ஆளுக்கு 2,200 ரூபாய் என்றார்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. ஆக, ஒரு ஆளுக்கு 2,596. நாலு பெரியவர்கள், அரை விலையில் 9 வயது மகன், இலவசமாக 4 வயது மகள். மொத்தம் 11,682 ரூபாய். போனில் 2,200 என்று கேட்டுவிட்டு, 10,000-க்குள் முடியும் என்று நினைத்துப் போகிறவர்கள் பில் வரும்போது திணறிப்போவார்கள். வரியோடு சேர்த்து எவ்வளவு என்றே கேளுங்கள்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று இன்னொரு 990 ரூபாயும் போட்டிருந்தார்கள். அது கட்டாயம் கிடையாது. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. என் கணவர் மெதுவாகக் கேட்டார், எடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எங்கள் மேசையைப் பார்த்துக்கொண்ட பையன் கையிலேயே கொடுத்தோம். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

சாப்பாடு? பாதி நன்றாக இருந்தது. வான்கோழியை எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை. பிரியாணி எங்கள் ஏரியா பிரியாணிக்குப் பக்கத்தில் வராது. கேக், புட்டிங், சாக்லேட் வரிசையில் பிள்ளைகள் நின்ற நேரம்தான் அதிகம்.

ஆனால் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். மாமியாருக்கு எழுந்து போய் எடுத்துவர முடியாது என்பதைப் பார்த்த தோசை மாஸ்டர், சின்ன வயசுப் பையன், "நீங்க உக்காருங்கம்மா, நானே கொண்டாறேன்" என்றான். கல்லிலிருந்து எடுத்த நெய் தோசை நேராக அவர் தட்டுக்கு வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் ஆவி பறக்க. மாமியார் பழக்கத்தில் அதைப் பிய்த்துப் பேத்திக்கு ஊட்டப் போனார். "அவளுக்கு வேற வருதும்மா, நீங்க சாப்புடுங்க" என்றான் அவன். மூணு தோசை சாப்பிட்டார். மூணும் கல்லிலிருந்து நேராக வந்தவை. வீட்டில் நூறு பேருக்குத் தோசை சுட்ட கை அது. தனக்கென்று சுட்ட சூடான தோசையை அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. 11,682 ரூபாய்க்கு எனக்கு வேறு எந்த நியாயமும் தேவைப்படவில்லை.

குறை என்னவென்றால், அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு பாய் குடும்பம் ரம்ஜானுக்கு எங்களுக்குக் கொடுத்தனுப்பும் தட்டுக்குப் பதில் தட்டு எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மாமியாருக்கு அது ராத்திரி முழுக்க உறுத்தியது. "நல்ல நாள்ல வீட்ட பூட்டிட்டுப் போலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பக்கெட் பிரியாணியும் மொட்டை மாடியும்

அடுத்த வருஷம் அதனால் வீட்டிலேயே இருந்தோம், அடுப்பு மட்டும் பற்ற வைக்கவில்லை. எங்கள் ஏரியாவில் விறகடுப்பில் தம் போடும் மாஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் போய்க் கேட்டால் கிடைக்காது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ மட்டன், கூடவே கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி, பிரெட் அல்வா, எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆனது. ஆறு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு, ராத்திரிக்கும் கொஞ்சம் இருந்தது.

மாடியில் பந்தல் துணி கட்டி, பாய் விரித்து, வாழை இலை போட்டோம். மூடியைத் திறந்ததும் வந்த அந்த வாசனைக்கு எந்த ஓட்டலிலும் ஈடு கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். சீரக சம்பா, அடியில் மசாலா பிடித்த சிவப்பு, மேலே வெள்ளை, நடுவில் எலும்போடு கறி. பாய் வீட்டுக்குத் தட்டு போனது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கு ஒரு வாய் பிரியாணியும் கல்கல் பலகாரமும் கேக்கும் கிடைத்தது.

ருசிக்கும் விலைக்கும் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் என் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். சமையல் இல்லை, சரி. பரிமாறல் இருக்கிறது. தண்ணீர், தட்டு, மாடிக்கும் அடுப்படிக்கும் ஏறி இறங்கல், வருகிறவர்களுக்கு டீ, சாயங்காலம் பாத்திரம். நானும் மாமியாரும் அன்றைக்கும் கடைசியில்தான் சாப்பிட்டோம். ஆண்கள் பரிமாற வேண்டும் என்று காலையிலேயே பேசி முடிவு செய்துவிட்டால் இந்த வழி முழு மதிப்பெண் வாங்கிவிடும். போன தடவை பாதி நேரம் என் கணவரும் மாமனாரும் எடுத்து வைத்தார்கள். அந்தப் பாதி நேரம் நன்றாக இருந்தது. இன்னொன்று, இரண்டு மாடி ஏறிய மாமியாரின் முழங்கால் மறுநாள் வீங்கிவிட்டது. வீட்டில் முட்டிவலிக்காரர் இருந்தால் மாடியை மறந்துவிட்டுக் கூடத்திலேயே இலை போடுங்கள்.

ஒரு ராத்திரி தங்குவது

அரையாண்டு லீவில் பிள்ளைகளுக்காக ஒரு தடவை ஊருக்குள்ளேயே ஓட்டலில் தங்கினோம். ஆறு பேருக்கு ஒரு அறை போதாது, இரண்டு எடுக்க வேண்டும். இங்கேயும் வரிதான் முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள அறைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு 7,875 கட்டுவீர்கள், 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் 100 ரூபாய் கூடினால் கையிலிருந்து 1,093 கூடப் போகிறது. அறை பார்க்கும்போது இந்த எல்லையை மனதில் வையுங்கள்.

பிள்ளைகளுக்குத் தங்கல் என்றாலே நீச்சல் குளம்தான். நைலான் உடை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஓட்டல் கடையில் வாங்கினால் விலை அதிகம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பர் 31-ஐத் தவிர்த்துவிடுங்கள் என்றும் சொல்வேன். அன்றைய ராத்திரி நீச்சல் குளத்தை மூடி வைக்கச் சொல்லிக் காவல்துறை ஓட்டல்களுக்குக் கட்டுப்பாடு போடுவது வழக்கம். பல இடங்களில் விருந்துக் கட்டணத்தையும் அறையோடு சேர்த்தே வாங்குவார்கள். பாட்டுச் சத்தத்தில் நாலு வயதுக் குழந்தை தூங்காது. உள்ளூர் முகவரி ஆதாரை ஏற்காத ஓட்டல்களும் உண்டு, பணம் கட்டும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மெத்தை அமுங்குகிறது, ஏசி குளிர்கிறது, காலையில் வாசல் தெளிக்க முடியவில்லை. எனக்கு மட்டும், விடிந்ததும் யாருக்கும் டிபன் செய்ய வேண்டாம் என்று படுத்திருந்த அந்த ஒரு மணி நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது. சமைக்கிற மருமகளுக்கு இது பரிசு, பெரியவர்களுக்கு இல்லை. அவர்களை வீட்டில் நிம்மதியாக விட்டுவிட்டு நாலு பேர் மட்டும் போனால் செலவும் பாதி.

பக்கத்து ஏசி ஹால் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நாளில் 40 நிமிஷம் வாசலில் நிற்க வேண்டும். உட்கார்ந்ததும் நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், பண்டிகைக்கு வேண்டாம்.

வெளியே போவதில் எங்களுக்குப் பிடித்தது பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மா கடைகள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி அது. அத்தோ என்கிற நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப், வெங்காயம் திணித்த முட்டை மசாலா, ஆறு பேருக்கும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். நின்றுகொண்டு சாப்பிட வேண்டும் என்பதால் மாமியாருக்குப் பார்சல்தான். தீவுத்திடல் பொருட்காட்சி பிள்ளைகளுக்குச் சொர்க்கம், முழங்காலுக்கு எதிரி. காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போகிறவர்கள், போலீசார் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிக் கட்டிவிடும் பட்டையைக் கண்டிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு இந்த வருஷத்துக்கு நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது. டிசம்பர் 25 வீட்டில்தான், கதவு திறந்திருக்கும். பக்கெட் பிரியாணி சொல்லியாகிவிட்டது, கூடத்தில் இலை, பரிமாறுவது மாமனாரும் என் கணவரும் மகனும். ஓட்டலுக்கு லீவிலேயே ஒரு வார நாள் மதியம். அதே ஓட்டலில் அன்றைக்கு 1,500 ரூபாய்தான், வரியோடு எங்கள் எல்லோருக்கும் 7,965. பண்டிகை நாள் பில்லை விட 3,717 குறைவு, கூட்டமும் இருக்காது. வான்கோழி இருக்காது, அதைத் தேடவும் யாரும் இல்லை. போனில் மேசை சொன்னபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: தோசைக் கல்லுக்குப் பக்கத்து மேசை, கை வைத்த நாற்காலியோடு. எழுதி வைத்துக்கொண்டார்கள்.