புரதத் தரவு வங்கியும் மோல்ஸ்டாரும்: ஊக்கிப் பிறபொருளெதிரிகளின் பளிங்குக் கட்டமைப்பைப் பார்க்க எவ்வளவு உதவும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயிர் இரசாயனம் படிக்கிற பல்கலைக்கழக மாணவருக்கும், உயர்தர வகுப்பில் நொதியத்தைப் பூட்டும் திறப்புமாகக் கரும்பலகையில் கீறுகிற ஆசிரியருக்கும் நாங்கள் முதலில் காட்டுவது ஆர்சிஎஸ்பி புரதத் தரவு வங்கியைத்தான். 1971இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் தொடங்கிய சேகரிப்பு அது. இன்றைக்கும் காசு இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. அதோடு வருகிற மோல்ஸ்டார் என்ற முப்பரிமாணக் கருவி உலாவியிலேயே ஓடும். பளிங்குகளை ஆராயத் தேவையான வலிமையான எக்ஸ் கதிரைத் தரும் சிங்க்ரோட்ரன் இலங்கையில் கிடையாது. ஆகையால் இங்கே பளிங்கு ஆய்வு என்பது பெரும்பாலும் மற்றவர்கள் எடுத்த தரவைக் கவனமாக வாசிப்பதுதான். அந்த வாசிப்புக்கு இந்தச் சேவை மிகத் திறம். ஒரு குறை மட்டும் பெரிது: தெளிவான தரவையும் மங்கலான தரவையும் திரையில் ஒரே மினுக்கத்தோடு காட்டிவிடும்.

ஊக்கிப் பிறபொருளெதிரிகளை வைத்து இதைச் சோதிப்பது நல்லது. சேவையின் பலமும் பலவீனமும் இரண்டும் அங்கே தெரியும். ஒரு தாக்கத்தின் தாண்டல்நிலையை (தாக்கத்தின் நடுவே கணநேரம் மட்டும் இருக்கும் வடிவத்தை) போன்ற, ஆனால் உறுதியான ஒரு மூலக்கூறை எலிக்குச் செலுத்தி, வருகிற பிறபொருளெதிரிகளில் அந்தத் தாக்கத்தை விரைவாக்குகிறவற்றைத் தெரிந்தெடுப்பதே முறை. பிறபொருளெதிரிகள் ஊக்கிகளாகத் தொழிற்படும் என்பதை 1986இல் லேர்னர் குழுவும் ஷுல்ட்ஸ் குழுவும் தனித்தனியே காட்டின.

தொடங்குவதற்கு 1ஈஏபி என்ற பதிவு பொருத்தம். குறியீட்டை ஆங்கில எழுத்தில் தேடற் பெட்டியில் தட்டுங்கள். இது 17ஈ8 என்ற பிறபொருளெதிரியின் ஃபேப் துண்டு (மூலக்கூறைப் பிடிக்கும் கை), 1994இல் வெளியானது, பிரிவலு 2.5 ஆங்ஸ்ட்ரொம் (இந்த எண் கூடக்கூடத் தரவு மங்கும்). நோர்லியூசின், மெதியோனின் ஆகியவற்றின் பீனைல் எசுத்தர்களை நீர்ப்பகுப்புச் செய்யும்; கூடிய தொழிற்பாடு பிஎச் 9.5இல். பதிவின் பக்கத்தில் சிறு மூலக்கூறுகள் என்ற பகுதிக்குப் போய், பிணைந்திருக்கும் பொசுபோனேற்றுக்கு (தாண்டல்நிலையைப் போன்ற மூலக்கூறு இதுதான்) நேரே உள்ள இணைப்பை அழுத்தினால் மோல்ஸ்டார் நேரே உயிர்ப்பு மையத்தில் போய் நிற்கும். நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் பொசுபரசு அணு. அதற்கு அருகே ஒரு செரினும் ஒரு ஹிஸ்ரிடினும் சோடியாக இருக்கும். செரின் புரோட்டியேசுகளில் உள்ள செரின்–ஹிஸ்ரிடின்–அஸ்பாட்டிக் மும்மையில் இரண்டு இங்கே இருக்கிறது, மூன்றாவது இல்லை. எதிர்மின்னேற்றம் பெறும் ஒட்சிசனைத் தாங்க ஒரு லைசினும் உண்டு. பரிணாமம் நொதியத்தில் கண்டுபிடித்த ஏற்பாட்டை எலியின் நிர்ப்பீடனத் தொகுதி சில கிழமைகளில் எட்டியிருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வேறு படம் குறைவு.

இனித் தூரம் அளக்கிற விடயம். இங்கேதான் மாணவர்கள் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். தெரிவு நிலைக்கு மாறியதும், தெரிவின் அலகு வழக்கமாக முழு அமினோ அமிலமாக இருக்கும். அப்படியே செரினையும் ஹிஸ்ரிடினையும் அழுத்தி அளந்தால், அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரந்தான் வரும். ஐதரசன் பிணைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மேலே உள்ள பட்டியில் அலகை அணு என்று மாற்றி, செரினின் பக்கச் சங்கிலி ஒட்சிசனையும் ஹிஸ்ரிடின் வளையத்தின் நைதரசனையும் தனித்தனியே தெரிந்தெடுங்கள். 2.7 முதல் 3.3 ஆங்ஸ்ட்ரொம் வரை வந்தால் ஐதரசன் பிணைப்பு என்று கொள்ளலாம். கருவி தானாகப் போடும் புள்ளிக்கோடுகளும் இதே மாதிரித் தூரத்தையும் கோணத்தையும் வைத்துக் கணித்தவைதான்; பரிசோதனையில் எவரும் கண்டவை அல்ல. இன்னொன்று: 2.5 ஆங்ஸ்ட்ரொமில் ஐதரசன் அணுக்கள் தெரியாது, நைதரசனையும் காபனையும் இலத்திரன் அடர்த்தியை மட்டும் வைத்துப் பிரித்தறியவும் முடியாது. ஹிஸ்ரிடின் வளையம் 180 பாகை திரும்பி வைக்கப்பட்டிருந்தாலும் படம் அழகாகவே இருக்கும். சுற்றியுள்ள அணுக்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

1ஏஎக்ஸ்டி வேறு விதமாகச் சோதிக்கும். 1997இல் வந்த 33எஃப்12 என்ற அல்டோலேசுப் பிறபொருளெதிரி, 2.15 ஆங்ஸ்ட்ரொம். பிணைந்த மூலக்கூறு இல்லாத கட்டமைப்பு என்றபடியால் அழுத்திப் போக இணைப்பு இருக்காது. பாரச் சங்கிலியின் 93ஆம் இடத்து லைசினைத் தொடரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாதாரண லைசினின் பீகேஏ (பாதி மூலக்கூறுகள் நேர்மின்னேற்றத்தை இழந்திருக்கும் பிஎச்) 10ஐ அண்டியது. நீர்வெறுக்கும் குழியின் அடியில் இருக்கிறபடியால் இதன் பீகேஏ 6 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதனால் நடுநிலைப் பீஎச்சிலேயே மின்னேற்றமில்லாமல் இருந்து கீற்றோனைத் தாக்க முடிகிறது. ஆனால் 93 என்பது கபாட் எண்முறை, அதாவது பிறபொருளெதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான பொது எண்முறை. அந்த முறையில் 82க்குப் பின் 82ஏ, 82பி, 82சி என்று மூன்று இடங்கள் செருகப்படும். 52ஐச் சுற்றியும் செருகல் வரும். வங்கியோ ஒன்று, இரண்டு என்று நேரே எண்ணிய தொடரையும் வைத்திருக்கிறது. ஆகவே நேரெண்ணில் 93ஐத் தேடினால் வேறொரு அமினோ அமிலத்தில் போய் நிற்பீர்கள். தேடுகிற லைசின் சில எண்கள் தள்ளி இருக்கும். மோல்ஸ்டார் இரண்டையும் காட்டும்: முதலில் நேரெண், அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஆய்வாளர் கொடுத்த எண். சங்கிலியின் பெயருக்கும் இதே கதைதான். கட்டுரையோடு ஒப்பிடும்போது அடைப்புக்குள் உள்ளதை வாசியுங்கள்.

அடுத்து அந்தப் பெரிய குறை. 1எஃப்ஐஜி என்பது 1எஃப்7, கொரிஸ்மேற்று மியூட்டேசு என்ற நொதியத்தின் வேலையைச் செய்யும் பிறபொருளெதிரி. இயற்கை நொதியத்தைவிட அதன் தொழிற்பாடு ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஏன் என்று கேட்டால், தாண்டல்நிலையை இறுக்கிப் பிடிக்கும் இடைத்தாக்கங்கள் போதாது என்பது விடை. இதைக் காட்ட நொதியத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து ஐதரசன் பிணைப்புகளை எண்ண ஆசை வரும். பொறுங்கள்: இது 3.0 ஆங்ஸ்ட்ரொம் தரவு. இந்தப் பிரிவலுவில் நீர் மூலக்கூறுகளை நம்பி வைக்க முடியாது, பக்கச் சங்கிலிகளின் திசையும் ஐயத்துக்குரியது. நீரூடாகப் போகிற பிணைப்பு உண்மையில் இருந்தாலும் படத்தில் இராது. திரையிலோ 2.15க்கும் 3.0க்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. குச்சிகள் அதே கூர்மையோடு நிற்கும். படத்தின் மூலையிலேயே பிரிவலுவைப் பெரிதாக எழுதிக் காட்டினால் என்ன?

அதுவரை, பதிவின் முதற்பக்கத்தில் உள்ள சரிபார்ப்புப் பட்டைகளைப் பார்க்காமல் முப்பரிமாணத்துக்குப் போகக் கூடாது. நீலப் பக்கம் நல்லது, சிவப்புப் பக்கம் கூடாதது. கட்டமைப்புக் காரணித் தரவை (பளிங்கிலிருந்து அளந்த மூலத் தரவை) வைப்பிடுவது 2008இல்தான் கட்டாயமானது. ஊக்கிப் பிறபொருளெதிரிகளில் முக்கியமான பல அதற்கு முந்தியவை. தரவு வைக்கப்படாத பதிவில் இலத்திரன் அடர்த்திப் படம் வராது. ஆய்வாளர் அணுவை ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்று நீங்கள் சரிபார்க்கவும் முடியாது. பதிவிறக்கப் பட்டியலில் கட்டமைப்புக் காரணி என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால் உடனே தெரியும்.

சோடிக் கட்டமைப்பு ஒப்பீடு என்ற கருவியும் பிரயோசனமானது. 48ஜி7 என்ற ஊக்கிப் பிறபொருளெதிரியின் முதிர்ந்த வடிவம் 1ஜிஏஎஃப், விகாரங்கள் வருமுன் இருந்த மூல வடிவம் 2ஆர்சிஎஸ். இரண்டுக்கும் இடையில் ஒன்பது விகாரங்கள், பிணையும் நாட்டம் 30,000 மடங்கு கூடியிருக்கிறது, சில விகாரங்கள் பிணைந்த மூலக்கூறிலிருந்து 15 ஆங்ஸ்ட்ரொம் தூரத்தில். மூல வடிவம் பிணையும்போது தன் குழியை மாற்றிக்கொள்கிறது. முதிர்ந்தது பூட்டும் திறப்பும்போல அப்படியே ஏற்கிறது. வகுப்புக்கு இதைவிட நல்ல சோடி கிடைப்பது அரிது. ஆனால் முழுச் சங்கிலியையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்காதீர்கள். மாறும் பகுதிக்கும் மாறாப் பகுதிக்கும் இடையிலுள்ள முழங்கைக் கோணம் பளிங்குக்குப் பளிங்கு மாறும். குழியில் நடந்த சிறிய மாற்றம் அந்தப் பெரிய அசைவுக்குள் மறைந்துவிடும். முதல் 110 அமினோ அமிலங்களை மட்டும் எல்லையாகக் கொடுங்கள்.

கைத்தொலைபேசியிலும் ஓடும். தொடர்ப் பலகையை மூடி, தொலைபேசியைக் கிடையாகப் பிடித்தால் போதும். மேற்பரப்பு வரைபடத்தைப் போட்டால் பழைய தொலைபேசி திணறும். குச்சி வடிவத்தோடு நிறுத்துங்கள். தமிழ் இடைமுகம் இல்லை. இணையம் இல்லாத வகுப்பறைக்குக் கைமெராஎக்ஸ் என்ற கணினி மென்பொருள் நல்லது. இலாபநோக்கற்ற பாவனைக்கு இலவசம், ஒரு தடவை நிறுவினால் போதும். ஒரு ஃபேப் துண்டில் ஏறத்தாழ 430 அமினோ அமிலங்கள், 3,300 அளவில் அணுக்கள். பிடிபி வடிவில் கோப்பு 300 கிலோபைட்டை அண்டியே வரும். மேலே சொன்ன ஐந்தையும் ஒரு பென்டிரைவில் போட்டுவைத்தால், மின்சாரம் நின்றாலும் மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை பாடத்தை நடத்தலாம்.