ரவென்னா: கழுத்து வலிக்க வலிக்க ஒரு நாள்

இத்தாலியில் போலோன்யாவில் தங்கியிருக்கிறீர்கள், கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ரவென்னாவுக்கு ரயில் ஏறுங்கள். பழைய தேவாலயங்களின் சுவரிலும் விதானத்திலும் சின்னச் சின்ன வண்ணக் கற்களையும் கண்ணாடித் துண்டுகளையும் பதித்துச் செய்த மொசைக் ஓவியங்களுக்குப் பேர்போன ஊர். ஃப்ளாரன்ஸும் பக்கம்தான், ஆனால் அங்கே பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். நான் ரவென்னா போனது அக்டோபரில். சில மண்டபங்களில் நானும் காவலரும் மட்டும்தான் இருந்தோம்.

வழியில் எல்லா ஊரிலும் நிற்கும் ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள், மறந்தால் அபராதம். ஊருக்குள் பேருந்து தேவைப்படாது, மேடு பள்ளம் இல்லாத ஊர்.

மறைமாவட்டம் விற்கும் கூட்டு டிக்கெட்டை வாங்கினால் ஐந்து இடங்கள் பார்க்கலாம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது. கல்லா பிளாசிதியா கல்லறை மண்டபத்துக்கும் நியோனியன் ஞானஸ்நான மண்டபத்துக்கும் மட்டும் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஒரே பெரிய குறை அந்தக் கல்லா பிளாசிதியாவில்தான். ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். உள்ளே ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் என்ற கல்லின் மெல்லிய பலகைகள்தான் ஜன்னல். அதன் வழியே தேன் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. கண் இருட்டுக்குப் பழகவே இரண்டு நிமிடம் ஆகிறது. அப்புறம்தான் கருநீல விதானமும் தங்க நட்சத்திரங்களும் தெரிய ஆரம்பிக்கின்றன. பார்க்கத் தொடங்கும்போதே வெளியே கூப்பிட்டுவிடுகிறார்கள். ரோமப் பேரரசி கல்லா பிளாசிதியா 450இல் ரோமில் இறந்தவர். இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்கிறார்கள்.

அதே வளாகத்தில் சான் விதாலே. 547இல் அர்ப்பணிக்கப்பட்ட எண்கோணத் தேவாலயம். மொசைக்கில் ஒரு பக்கம் பைசாந்தியப் (கிழக்கு ரோமப்) பேரரசர் ஜஸ்டினியன், எதிரே அவர் மனைவி தியோடோரா. தியோடோராவின் அங்கியின் கீழ்க்கரையை உற்றுப் பாருங்கள்: குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை ஏந்தி வரும் மூன்று ஞானிகளைத் தங்க நிறத்தில் அதற்குள்ளேயே பதித்திருக்கிறார்கள். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. மொசைக் துண்டுகளை ஒரே மட்டமாகப் பதிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் நகர நகர மினுக்கம் இடம் மாறுகிறது. இதைப் புகைப்படத்தில் பிடிக்கவே முடியாது.

ஆனாலும் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் சான்ட் அப்பொல்லினாரே நுவோவோவைத்தான் சொல்வேன். அப்போது இத்தாலியை ஆண்ட, கோத் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் தியோடோரிக் கட்டிய தேவாலயம். அவருடைய அரண்மனை அங்கே சுவரில் மொசைக்காக இருக்கிறது. தூண்களுக்கு நடுவே முன்பு அரசவை ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் இறந்தபின் பைசாந்தியர்கள் ஊரைப் பிடித்ததும் அந்த உருவங்களைப் பெயர்த்துவிட்டு வெள்ளைத் திரைகளைப் பதித்துவிட்டார்கள். தூண்களின் மேல் பட்டிருந்த கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள்! ஆள் இல்லை, ஒரு தூணில் விரல்கள், இன்னொன்றில் முழங்கை வரை ஒரு கை. தூண் தூணாகத் தேடிக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். எதிர்ச் சுவரில் வெள்ளையுடை கன்னியர் வரிசைக்கு முன்னால் அதே மூன்று ஞானிகள், பூப்போட்ட இறுக்கமான காற்சட்டையோடு.

பேராயர் அருங்காட்சியகத்தில் பழைய பேராயர் மாக்சிமியானின் தந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கல்லறைக்குக் கட்டணம் இல்லை. அவரை நாடு கடத்திய ஃப்ளாரன்ஸ், தன் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் உடல் இல்லாத வெற்றுக் கல்லறை ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கே எரியும் விளக்குக்கு வருடாவருடம் எண்ணெய் அனுப்புகிறது. நல்ல தண்டனைதான். பக்கத்தில் சான் பிரான்செஸ்கோ தேவாலயத்தின் நிலவறையில் தண்ணீர் நிற்கிறது, அதில் மீன்கள் நீந்துகின்றன. காசு போட்டால் விளக்கு எரியும்.

சாப்பாடு சுமார். நான் உட்கார்ந்த உணவகத்தில் பாஸ்தா ஆறிப்போய் வந்தது; உட்கார்ந்ததற்குத் தனிக் கட்டணம் வேறு. பியாதினா என்ற தட்டை ரொட்டியை வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுவது மேல். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம். ஆலிவ் எண்ணெயில் செய்ததா என்று கேட்டு, ஸ்குவாக்கெரோனே பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும் வைத்து வாங்குங்கள்.

தியோடோரிக்கின் கல்லறை ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், டிக்கெட் தனி. சுமார் 10 மீட்டர் அகலமுள்ள ஒரே கல்தான் கூரை. உள்ளே ஊதாச் சாயல் கொண்ட கல்தொட்டி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டால் விட்டுவிடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை.